சக்கரத்தின் பக்கமிருந்து ஒரு வரலாறு

பறத்தலின் வரலாறு எப்போதும் அண்ணாந்து பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது. றெக்கை, என்ஜின், ஓட்டியவன் பெயர். கீழே உருள்கிற சக்கரம், அதை நிறுத்துகிற பிரேக், அதற்குக் கிரீஸ் வைக்கிற கை மூன்றையும் இந்தக் கதையாடல் வெளியே தள்ளிவிடுகிறது. இதைத் தற்செயலான மறதி என்று நான் நினைக்கவில்லை.

1808இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் நிலப்பிரபு ஜார்ஜ் கெய்லி பறக்கும் எந்திரத்துக்கு எடை குறைந்த சக்கரம் ஒன்றை யோசித்தார். பாரத்தைத் தாங்கி அழுந்தும் கட்டை ஆரங்களை எடுத்துவிட்டு, இழுத்துக் கட்டிய கயிறுகளில் அச்சைத் தொங்கவிடலாம் என்றார். சைக்கிள் கடையில கோட்டம் எடுக்கிறாங்களே, அந்தக் கம்பிச் சக்கரத்தின் தத்துவம் இதுதான். ஆக, சைக்கிளுக்கு முன்பே அது விமானத்துக்காக யோசிக்கப்பட்டது. 1853இல் கெய்லியின் கிளைடரில் ஏறிப் போனவர் அவரது வண்டிக்காரர் என்று பேத்தி பின்னாளில் நினைவுகூர்ந்தார். பிரபுவின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கு. மற்றவர் வெறும் 'வண்டிக்காரர்'.

1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்களின் விமானம் 12 விநாடியில் 120 அடி பறந்தது. அதற்குச் சக்கரமே கிடையாது. 60 அடி மரத் தண்டவாளத்தில், சைக்கிள் ஹப் பொருத்திய தள்ளுவண்டிமேல் ஓடிக் கிளம்பியது. என்ஜினைச் சுமார் ஆறு வாரத்தில் செய்து கொடுத்தவர் அவர்களது சைக்கிள் கடை ஊழியர் சார்லி டெய்லர். 1955இல் அவர் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு தர்ம வார்டில் கிடந்தார். அடுத்த ஆண்டு இறந்தார்.

1906இல் ரைட் சகோதரர்கள் காப்புரிமை பெற்றார்கள்; பிறகு வழக்குகள். அதே ஆண்டு பாரிஸில் சாந்தோஸ் துமோன் தன் சக்கரங்களிலேயே ஓடி மேலெழுந்தார். மூங்கில் சட்டம் கொண்ட தன் 'டெமுவாசெல்' விமானத்தின் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம் என்று விட்டுவிட்டார். வீட்டில் விமானம் கட்டுகிற மரபுக்கு இது ஒரு தொடக்கம். 1953இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பால் போபெரெஸ்னி அப்படிக் கட்டுபவர்களுக்கென்று ஒரு சங்கமே தொடங்கினார்.

ஆரம்பகால விமானங்களில் பிரேக்கும் இல்லை. வால்கட்டை புல்லை உழுதுகொண்டே போய் நிற்கும். தரையே பிரேக். சிமெண்டுத் தளம் வந்த பிறகுதான் பிரேக் தவிர்க்க முடியாததானது.

இன்று அந்தச் சின்ன விமானத்தின் சக்கரத்தடியில் குந்தி உட்காருபவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? இரண்டு பாதியாக இருக்கிற சக்கரத்தின் போல்ட்டைத் தொடுவதற்கு முன் காற்றை முழுக்க இறக்கணும். இல்லாவிட்டால் வெடித்து ஆளையே கொன்றுவிடும். சிவப்பு மினரல் ஆயிலில் இயங்கும் பிரேக்கில் காருக்கு ஊற்றுகிற பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல் ஊதிக் கெடும். குழாயில் காற்றுக் குமிழ் நின்றால் மிதி பஞ்சாகிவிடும். ஆயிலைக் கீழிருந்து மேலே தள்ளினால் குமிழ் தானே ஏறிப் போகும். தரை தொடும் வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. இதெல்லாம் அறிவு இல்லையா? 'கைவேலை' என்று ஒரு படி கீழே வைக்கிறோமே, ஏன்?

அமெரிக்கச் சட்டம் இங்கே ஒரு சின்ன இடைவெளி விட்டிருக்கிறது. பெரும்பகுதியைத் தன் கையால் கட்டியவர் அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் ஆண்டுப் பரிசோதனை செய்து கையெழுத்திடும் சான்றிதழ் பெறலாம். கட்டிய கைக்கே சரிபார்க்கும் அதிகாரம். ஆனால் அந்த விமானத்தை விலைக்கு வாங்கியவருக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது. 2025 வரை அவர் சான்றிதழ் உள்ள மெக்கானிக்கையோ கட்டியவரையோதான் தேடிப் போகவேண்டியிருந்தது. சொத்து கைமாறும், உழைத்துத் தெரிந்துகொண்டது அதோடு சேர்ந்து போகாது.

பணமும் ஓய்வும் உள்ளவர்களின் பொழுதுபோக்குதானே இது என்று தோழர்கள் கேட்கலாம். உண்மைதான். டெய்லருக்கு அந்த ஓய்வு வாய்க்கவில்லை. அவரிடமிருந்து தொடங்கினால் இந்த வரலாறு வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும் என்பதே என் வாதம்.