காலைக் காப்பாற்றிய சிரை

பைபாஸ் என்றாலே எல்லோருக்கும் இதயம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த வித்தை முதலில் கைகொடுத்தது காலுக்கு!

அறுந்த ரத்தக் குழாயைத் தைக்கும் முறையை, பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த அலெக்சிஸ் கேரல் 1902-ல் வெளியிட்டார். நுண்ணிய தையலை அவர் பழகியது ஒரு பூத்தையல்காரப் பெண்மணியிடம் என்பார்கள். அவருக்கு 1912-ல் நோபல் பரிசும் கிடைத்தது. இதற்கிடையே 1906-ல் மாட்ரிட்டில் கோயானஸ் என்ற மருத்துவர், முழங்காலுக்குப் பின்னால் வீங்கிக் கெட்டுப்போன தமனிக்குப் பதிலாகப் பக்கத்திலேயே ஓடும் சிரையை இணைத்துவிட்டார். ஆக, வழி அப்போதே தெரிந்திருந்தது.

அப்புறமும் கால்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்களுக்கு ஏற்பட்ட 2,471 தமனிக் காயங்களை டிபேக்கியும் சிமியோனும் 1946-ல் கணக்கெடுத்தார்கள். தைத்துச் சரிசெய்ய முயன்றது வெறும் 81! பெரும்பாலானவர்களுக்குக் குழாயை முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டார்கள். முடிச்சுப் போட்டவர்களில் சுமார் பாதிப்பேர் கையையோ காலையோ இழந்தார்கள். மருத்துவர்களைத் திட்டிப் பயனில்லை. காயம்பட்டவர் அறுவை மேசைக்கு வந்து சேரவே பத்து மணி நேரம்கூட ஆனது. ரத்தம் போகாத தசை அதுவரை காத்திருக்குமா, சொல்லுங்கள்?

1948 ஜூனில் பாரிசில் ழான் குன்லின் செய்தது வேறு. அங்கே போரும் இல்லை, குண்டும் இல்லை. தமனி அடைத்து, கால் அழுகத் தொடங்கிய ஒரு நோயாளி. குன்லின் அடைப்பைத் தொடவே இல்லை. நோயாளியின் காலிலிருந்தே நீளமான ஒரு சிரையை எடுத்து, அடைப்புக்கு மேலே ஒரு முனை, கீழே ஒரு முனை என்று தமனியின் பக்கவாட்டில் தைத்தார். ஊருக்குள் நெரிசல் என்றால் புறவழிச்சாலை போடுவதில்லையா, அதேதான். ஒரு சூட்சுமம் உண்டு. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் ரத்தத்தை இதயத்தை நோக்கி மட்டுமே விடும். அதனால் சிரையைத் தலைகீழாகத் திருப்பி வைக்க வேண்டும்!

கொரியப் போரில் ஹெலிகாப்டர் வந்தது, நேரம் குறைந்தது. நேராகத் தைத்தும் ஒட்டு வைத்தும் பார்த்ததில், உறுப்பை இழந்தவர்கள் சுமார் 13 சதவீதமாகக் குறைந்தார்கள்.

பிறகு பலூன், ஸ்டென்ட் எல்லாம் வந்தபோது சிரையின் காலம் முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். 2022-ல் வெளிவந்த பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வு வேறு மாதிரி சொன்னது. காலை இழக்கும் நிலையில் இருந்தவர்களில், நல்ல சிரை உள்ளவர்களுக்கு பைபாஸில் தொடங்கியதே மேலாக இருந்தது. பெரிய கால் பாதிப்போ மரணமோ நேர்ந்தது பைபாஸ் பிரிவில் 42.6 சதவீதம் பேருக்கு. பலூன், ஸ்டென்ட் பிரிவில் 57.4 சதவீதம் பேருக்கு.