அவரைக்காய் மணிகள்

போன மார்கழியில் எங்கள் ஹெப்பகோடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு குவியல்கள். ஒன்று நிஜமான அவரைக்காய். குளிர்காலம் வந்தால் பெங்களூர்க்காரர்கள் உப்புமாவிலிருந்து சாம்பார் வரை எல்லாவற்றிலும் போடுவார்களே, அதுதான். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா உரித்துக்கொண்டிருந்தார். இன்னொன்று எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் பாலிமர் க்ளேயில் செய்த அவரைக்காய். மூன்று நான்கு சின்ன உருண்டைகளை வரிசையாக வைத்து, மெல்லிய பச்சைத் தகட்டால் போர்த்தி, இரண்டு முனைகளையும் கிள்ளிக் கூராக்கி, ஊசியால் ஓரத்தில் ஒரு கோடு. நடுவில் பல்குத்தும் குச்சியால் துளை. பிறகு சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு பழைய ஓவனில் 130 டிகிரியில் அரைமணி நேரம். அபார்ட்மெண்ட் சங்கராந்தி விழாவில் கடை போடப் போகிறாளாம்.

அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஏஞ்சாமி, குறத்தியாட்டம் பாசிமணி கோத்து விக்கற பொழப்பு நமக்கெதுக்கு?"

மகள் கேட்டாள், "பாசிமணின்னா என்னப்பா?"

இரண்டு கேள்விக்கும் அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தச் சொல். நெல்லும் மணிதான், கழுத்தில் கோப்பதும் மணிதான், ரத்தினமும் மணிதான். விதைக்கும் மாலைக்கும் தமிழில் ஒரே சொல். இது சும்மா வந்ததல்ல என்று நினைக்கிறேன். மனிதன் கோத்த முதல் மணிகளில் விதைகள் நிச்சயம் இருந்திருக்கும். நம் தங்க ஆசாரிகளின் பழைய எடைகளைப் பாருங்கள். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. இரண்டுமே நெற்று வெடித்து விழும் சிவப்பு விதைகள். வைரத்துக்குச் சொல்லும் 'காரட்' கூட கரோப் மரத்தின் நெற்றுக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயரிலிருந்து வந்ததுதான். ஆக, பொன்னையும் வைரத்தையும் உலகம் நெற்றுக்குள் இருந்த விதையை வைத்துத்தான் நிறுத்திருக்கிறது.

விதை உளுத்துப்போகும். அதனால் அதே வடிவத்தை மண்ணில் செய்து சுட்டார்கள். இந்திய அகழாய்வு அறிக்கைகளைப் புரட்டினால் 'பாக்கு வடிவ சுடுமண் மணி' என்று ஒரு வகையே இருக்கிறது. நம் பெண்கள் போடும் மாங்காய் மாலை அதற்குத் தங்கத்தில் வந்த தங்கை. அந்த வரிசையில் அவரைக்காய் ஒன்றும் அந்நியமில்லை. (பெங்களூரில் அவரைக்காய் செய்வதில் ஒரு கூடுதல் பொருத்தம். காட்டில் வழி தப்பிய வீர பல்லாள மன்னருக்கு ஒரு கிழவி வெந்த பயறு கொடுத்ததால் 'பெந்த காளூரு' என்று இந்த ஊருக்குப் பெயர் வந்ததாக ஒரு கதை. நல்ல கதை, ஆனால் கதைதான். எங்களுக்கு அதிக தூரமில்லாத பேகூரில், அந்த மன்னருக்கு முன்பே, சுமார் 890ஆம் ஆண்டைச் சேர்ந்த நடுகல்லில் பெங்களூரு என்ற பெயர் இருக்கிறது.)

இனி நான் வெட்கப்படும் பகுதி. எனக்குச் சொந்த ஊர் சென்னிமலைப் பக்கம். சின்ன வயதில் லீவு விட்டால் கொடுமணலில் அத்தை வீடு. மழை பெய்து ஓய்ந்த மறுநாள், நொய்யல் கரைக் காடுகளில் நடந்தால் சிவப்பாக, வெள்ளையாக, சில சமயம் நீலமாகக் கல் மணிகள் காலில் தட்டும். உண்டிவில்லுக்கு அதைவிட நல்ல கல் கிடைக்காது. எத்தனை ஓணான்களை அதனால் அடித்தேன் என்று கணக்கில்லை :-(

1985இல் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர், கா. ராஜன் போன்றவர்கள், அங்கே தோண்ட ஆரம்பித்தார்கள். குழிக்குள் இறங்கி மண்ணைத் தூரிகையால் பெருக்கும் இவர்களுக்கு வேறு வேலையில்லையா என்று நாங்கள் சிரித்தோம். அவர்கள் கண்டது இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு தொழில் ஊர். சூதுபவளம், அகேட், படிகம், செவ்வந்திக்கல், பெரில். உடைத்த கல், பாதி தேய்த்தது, துளை போட்டது, மெருகேற்றியது என ஒவ்வொரு படியிலும் மணிகள். பெரில், காங்கேயம் பக்கத்துப் படியூரிலேயே கிடைக்கும். ஒரே ஈமச்சின்னத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் சூதுபவள மணிகள். பானை ஓடுகளில் ஆட்களின் பெயர்கள் தமிழ் பிராமியில். பதிற்றுப்பத்தில் நல்ல அணிகலன்களுக்குப் பெயர்போனதாக வரும் கொடுமணம் இதுதான் என்கிறார்கள். பள்ளியில் சேரர்களைப் பற்றி மார்க் வாங்கினேன். அவர்கள் காலத்து மணி என் கால்சட்டைப் பையில் இருந்தது யாருக்குத் தெரியும்!

கல் மணி எல்லோருக்கும் கட்டுபடியாகுமா? அதற்குத்தான் கண்ணாடி. 1945இல் வீலர் தோண்டிய அரிக்கமேட்டில் உருகிய கண்ணாடியை உள்ளே துளையோடு நீளக் குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடுபடுத்தி முனை மழுக்கினார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, கருப்பு என்று கடுகளவு மணிகள். நம் பாசிமணியின் பாட்டி. பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இவற்றுக்கு இந்தோ பசிபிக் மணிகள் என்று பெயர் வைத்தார். ஆப்பிரிக்கக் கிழக்குக் கரை முதல் கொரியா வரை இந்த வகை மணிகள் கிடைத்திருக்கின்றன. திருப்பதி பக்கத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் இதே முறையில் இழுக்கும் தொழில் இருபதாம் நூற்றாண்டிலும் நடந்தது.

அதாவது விலை உயர்ந்ததைப் போல விலை குறைந்ததில் செய்வது புதிய மோசடி அல்ல. பாலிமர் க்ளேயும் அப்படி வந்ததுதான். பெயரில்தான் மண், உண்மையில் பிவிசி பிளாஸ்டிக், இளக்கும் எண்ணெய் சேர்த்துப் பிசைந்தது. (அதிகச் சூட்டில் கருகினால் வரும் புகை நல்லதல்ல. பிள்ளைகளைத் தனியாக விடாதீர்கள்.) 1930களின் இறுதியில் ஜெர்மனியின் பொம்மைக் கலைஞர் கேத்தே க்ரூசே, பொம்மைத் தலை செய்ய ஆகுமா என்று பார்த்தார், ஆகவில்லை. அவர் மகள் ஃபிஃபி கையில் எடுத்து விளையாட்டுப் பொருளாக்கினார். 1964இல் ஒரு பென்சில் கம்பெனி வாங்கி ஃபிமோ என்று விற்றது. வண்ணக் குச்சிகளைச் சேர்த்து உருட்டி வட்ட வட்டமாக நறுக்கும் அதன் வித்தை, கண்ணாடி மணிக்காரர்களிடம் கற்றது.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். மணி கோத்து விற்பதில் என்ன இழிவு? கொடுமணலில் அந்தத் தொழில் செய்தவர்கள் பானையில் தம் பெயரைப் பொறித்து வைத்தவர்கள். நம் பஸ் ஸ்டாண்டுகளில் பாசிமணி கோத்து விற்கும் நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க 2022 டிசம்பர் வரை ஆயிற்று. நாம் வாங்குவோம், பேரம் பேசுவோம், பிறகு அவர்கள் பெயரை வசவாக வைத்துக்கொள்வோம். இதை மகள் முன்னால் அம்மாவிடம் சொன்னேன், கொஞ்சம் குரல் உயர்த்தித்தான். அம்மா பதில் பேசவில்லை.

சங்கராந்திக்கு முதல் நாள் இரவு அம்மா மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஒரு நிஜக் காயை எடுத்துக் காட்டினார். "அவரை இப்படி நேரா இருக்காது கண்ணு. ஒரு பக்கம் வளைஞ்சிருக்கும் பாரு. நாரு இந்தப் பக்கம்." இருவரும் சேர்ந்து பத்துக் காய்களை மறுபடி வளைத்தார்கள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"உங்க அத்தை ஊருக்குப் போயிட்டு வந்தீன்னா உன் டவுசர்ப் பையில கல்லுக் கல்லா இருக்கும். தொவைக்கறப்ப எத்தனையக் கெணத்து மேட்டுல வீசியிருப்பேன்..."

அந்தக் கிணற்றை 2004இல் மூடி, மேலே வீடு கட்டிவிட்டோம்.