சம்மனசுகளின் சிறகுகள்

பங்சாரை அடுத்த பிரிக்பீல்ட்ஸில் கோதிக் பாணியில் எழுந்த செபமாலை மாதா ஆலயம் உள்ளது. செபமாலையின் முதல் மறைபொருள், கபிரியேல் தூதர் கன்னி மரியாளுக்கு மங்கள வார்த்தை உரைத்த நிகழ்ச்சியாகும். அக்காட்சியைத் தீட்டும் ஓவியர் கபிரியேலைச் சிறகுடனேயே காட்டுவர். ஆதியில் இவ்வழக்கம் இல்லை. உரோமையில் பிரிசில்லா நிலவறைக் கல்லறையின் சுவரோவியத்தில், மங்கள வார்த்தைக் காட்சி என்று அறிஞர் பலர் கொள்வதில், தூதர் சிறகற்ற ஆடவராகவே நிற்கிறார். வானதூதர்க்குச் சிறகு முளைத்தது நான்காம் நூற்றாண்டின் இறுதியிலேதான். 432க்கும் 440க்கும் இடையில் அமைந்த உரோமைப் புனித மரியா பெருங்கோவிலின் கற்பதிப்போவியங்களில் அவர்கள் சிறகுடன் பறக்கின்றனர். கிரேக்கரின் வெற்றித் தெய்வமான நைக்கியின் சாயல் இதற்குத் துணைபுரிந்தது என்பர்.

விவிலியத்திலோ, ஆபிரகாமின் கூடாரத்திற்கு வந்தோர் மனிதராகவே வந்தனர். யாக்கோபு கனவில் கண்ட தூதர்கள் ஏணியில் ஏறி இறங்கினர். சிறகிருப்பின் ஏணி எதற்கு? எனினும் எசாயா கண்ட சேராபீன்களுக்கு ஆறு சிறகுகள். இரண்டால் முகத்தை மூடினர். இரண்டால் கால்களை மூடினர். எஞ்சிய இரண்டாலேயே பறந்தனர். ஆறில் நான்கு பணிவுக்கே உரியவை என்பது எண்ணி மகிழத்தக்கது. மத்தேயுவுக்கு மனிதன், மாற்குவுக்குச் சிங்கம், லூக்காவுக்குக் காளை, யோவானுக்குக் கழுகு என்னும் நற்செய்தியாளரின் நால்வகைச் சின்னங்களும் சிறகுடையனவே.

நம் சிற்பிகள் வேறு வழி கண்டனர். ஏழாம் நூற்றாண்டு மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் விண்ணவர் சிறகின்றியே பறக்கின்றனர். முழங்கால் மடிந்து பின்னோக்கும் நிலை ஒன்றே பறத்தலை உணர்த்திவிடுகிறது. கருடனுக்கும் கின்னரர்க்கும் மட்டுமே சிறகு. என் கண்ணுக்கு மாமல்லபுரத்து வழியே நுட்பமானதாகத் தோன்றுகிறது.

இனிச் சொல்லைக் காண்போம். 1726இல் தேம்பாவணியை இயற்றிய வீரமாமுனிவர் வானவர் என்னும் பழஞ்சொல்லையே வானதூதர்க்கு ஆண்டார். சீர்திருத்தச் சபையார் தேவதூதன் என்றனர். கத்தோலிக்கத் தமிழ் மக்களின் நாவிலோ சம்மனசு என்னும் சொல் நெடுங்காலம் வாழ்ந்தது. தமிழகத்து ஊர்கள் பலவற்றில் திருவிழா இரவில் சப்பரங்களுக்கு முன்னே செல்வது மிக்கேல் சம்மனசின் சப்பரமே. 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பு விவிலியம் வானதூதர் என்று எழுத, சம்மனசு முதியோரின் வழக்காகச் சுருங்கி வருகிறது. புதிய சொல் பொருள் விளங்கும் நல்ல சொல்லே. ஆயினும் பழையது பதிவின்றி மறைதல் இழப்பாகும். பாட்டியரின் பழைய செபப் புத்தகங்களில் 'காவல் சம்மனசு' என்றே அச்சாகியிருக்கும். மாணவர்கள் அவற்றைத் தேடிப் பள்ளி நூலகத்தில் சேர்த்தால், சொல்லாராய்ச்சி செய்வோர்க்குப் பெரிதும் பயன்படும்.