பாலா? அணைப்பா? - குழந்தை வளர்ப்பில் ஒரு பழைய சண்டை

கைக்குழந்தை ஏன் அம்மாவிடம் ஒட்டிக் கொள்கிறது? "அம்மா பால் கொடுக்கிறாள், அதனால்" என்பதுதான் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் உளவியல் அறிஞர்கள் பலர் சொன்ன பதில். அப்படியானால் பால் வந்தால் போதும், கொடுக்கும் கை யாருடையதாக இருந்தால் என்ன? இந்தப் பதிலை நம்பியதால் பல குழந்தைகள் தனிமையில் விடப்பட்டார்கள். அந்த நம்பிக்கை உடைய சுமார் முப்பது ஆண்டுகள் ஆயின.

கொஞ்சாதே, கை குலுக்கு!

1928ல் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். குழந்தையைக் கட்டி அணைக்காதீர்கள், மடியில் வைக்காதீர்கள், காலையில் கை குலுக்கினால் போதும் என்பது அதில் பெற்றோருக்கு அவர் சொன்ன அறிவுரை. மருத்துவமனைகளும் அனாதை இல்லங்களும் வேறு காரணத்துக்காக இதையே செய்தன. தொற்று நோய் பயம்! யாரும் தொடாமல் இருந்தால் கிருமி வராது என்று நினைத்தார்கள்.

1945ல் ரெனே ஸ்பிட்ஸ் என்ற மருத்துவர் இரண்டு இடங்களை ஒப்பிட்டார். ஒன்று அனாதை இல்லம். சுத்தம் இருந்தது, சாப்பாடு இருந்தது, ஆனால் ஏழெட்டு குழந்தைகளுக்கு ஒரே ஒரு நர்ஸ். மற்றொன்று பெண்கள் சிறையோடு சேர்ந்த குழந்தைகள் காப்பகம். அங்கே கைதிகளான தாய்மார்களே தங்கள் பிள்ளைகளைக் கவனித்தார்கள். எது நல்ல இடம் என்று நினைக்கிறீர்கள்? சிறையில் குழந்தைகள் நன்றாக வளர்ந்தன. அனாதை இல்லத்திலோ இரண்டு ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இறந்து போயின.

எட்டு நாள், ஒரு கேமரா

இங்கிலாந்தில் ஜான் பௌல்பி இதே கேள்வியை எடுத்துக் கொண்டார். உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951ல் அவர் எழுதிய அறிக்கை, தாயின் அன்பு தொடர்ந்து கிடைப்பது குழந்தையின் மன நலத்துக்கு அவசியம் என்றது. ஆனால் அறிக்கையை விட அதிகம் பேசியது ஒரு படம்.

அப்போது பல பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் பெற்றோர் குழந்தையைப் பார்க்கக் கடும் கட்டுப்பாடு. பெற்றோர் வந்தால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் அமைதியாகி விடுகிறது என்பது அவர்கள் சொன்ன நியாயம். பௌல்பியோடு வேலை செய்த ஜேம்ஸ் ராபர்ட்சன் அந்த 'அமைதி'யை நம்பவில்லை. சின்ன ஆபரேஷனுக்காக எட்டு நாள் தங்கிய லாரா என்ற இரண்டு வயதுக் குழந்தையைப் படம் எடுத்தார். வேண்டுமென்றே சோகக் காட்சிகளைப் பொறுக்கியதாக யாரும் சொல்லக் கூடாதே என்று தினமும் குறித்த நேரத்தில் எடுத்தார்.

லாரா பெரிதாக ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. அழுகையை அடக்கிக் கொண்டு, நாளுக்கு நாள் சுருங்கிப் போனாள். வீட்டுக்குக் கிளம்பும்போது தன் பொருள்களை எல்லாம் எடுத்துக் கொண்டாள், அம்மாவின் கையை மட்டும் பிடிக்க மறுத்தாள்.

1952ல் லண்டனில் மருத்துவர்கள் முன் படம் திரையிடப்பட்டபோது பலர் கோபப்பட்டார்கள். ஆனாலும் விதை விழுந்து விட்டது. 1959ல் பிளாட் குழு, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரப் பெற்றோர் அமைப்புகள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

துணி அம்மா

இதற்கிடையில், 1958ல் அமெரிக்காவின் ஹாரி ஹார்லோ குரங்குக் குட்டிகளை வைத்துச் செய்த சோதனை முடிவுகளை வெளியிட்டார். கம்பியால் ஒரு 'அம்மா', மெத்தென்ற துணி சுற்றி இன்னொரு 'அம்மா'. பால் கம்பி அம்மாவிடம் இருந்தபோதும் குட்டிகள் குடித்து விட்டுத் துணி அம்மாவிடமே ஓடின. பால்தான் காரணம் என்ற வாதம் அதோடு ஆட்டம் கண்டது. தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட அந்தக் குட்டிகள் பட்ட வேதனை தனிக் கதை.

அடுத்து மேரி எயின்ஸ்வொர்த். உகாண்டாவிலும் பிறகு அமெரிக்காவின் பால்டிமோரிலும் வீடு வீடாகச் சென்று தாயையும் சேயையும் கவனித்தார். குழந்தையின் குறிப்பறிந்து நடக்கும் தாயின் பிள்ளை, அதிகம் பயப்படாமல் உலகத்தை ஆராய்கிறது என்று கண்டார். அணைப்பு பிள்ளையைக் கோழையாக்கவில்லை, தைரியமாக்கியது! 1960களில் டயானா பாம்ரிண்ட் கொஞ்சம் பெரிய குழந்தைகளைப் பார்த்தார். வெறும் கண்டிப்பும் சரியில்லை, வெறும் செல்லமும் சரியில்லை, அன்போடு கூடிய கண்டிப்பே நல்லது என்றார்.

அம்மா மட்டும்தானா?

பௌல்பியின் கருத்தை வைத்து, வேலைக்குப் போகும் பெண்களைக் குற்றம் சொன்னவர்களும் உண்டு. ஆனால் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைக் கவனித்து 1964ல் வெளியான ஆய்வு, ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் அப்பா, தாத்தா, பாட்டி என்று பலரிடம் ஒட்டிக் கொள்வதைக் காட்டியது.

ருமேனியாவில் 1989ல் சௌசெஸ்கு ஆட்சி விழுந்தபோது, ஒரு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் அரசு விடுதிகளில் இருந்தது உலகத்துக்குத் தெரிய வந்தது. 2000ல் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வில் 136 குழந்தைகளில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் நன்றாகத் தேறினார்கள், அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாக. பெற்ற தாய் இல்லாமலேயே இது நடந்தது.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அது முழு உண்மையில்லை, பாழான தொடக்கத்தையும் ஓரளவு சரி செய்ய முடியும் என்கிறது இந்த வரலாறு. ஆனால் காத்திருக்க நேரமில்லை. பெரியவர்களுக்கு இரண்டு வருடம் என்பது ஒரு கோப்பு மேஜை மாறும் நேரம், குழந்தைக்கோ அதுதான் அஸ்திவாரம்.