ஆசியாவின் எழுச்சியும் மலையகத்தின் வாக்குச்சீட்டும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆசியக் கண்டத்தின் அரசியற் படம் புதிதாக வரையப்பட்டது. 1947இல் இந்தியாவும் பாகிஸ்தானும், 1948இல் பர்மாவும் இலங்கையும், 1957இல் மலாயாவும் பிரித்தானிய ஆட்சியினின்று விடுபட்டன. 1955இல் பாண்டுங் நகரிற் கூடிய இருபத்தொன்பது ஆசிய, ஆபிரிக்க நாடுகள் தம் குரலை உலகறியச் செய்தன. அடிமையிலிருந்து உரிமைக்குச் செல்லும் நேர்கோடாகவே வரலாற்று நூல்கள் இம்மாற்றத்தைக் காட்டுவது வழக்கம். கந்தப்பளையின் தேயிலை மலைகளில் நின்று நோக்குவோர்க்கு அக்கோடு நேராகத் தோன்றுவதில்லை. அதன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையகச் சமுதாயம் குடியேற்றவாதப் பொருளாதாரத்தின் படைப்பாகும். கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்ட மக்கள், 1869இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பி அழிந்தபின் தேயிலைக்கு உரியவராயினர். கங்காணியின் கடனும், 1921 வரை நிலவிய துண்டு முறையும் அவர்களைத் தோட்டத்தோடு பிணைத்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து கந்தப்பளை வழியாக இராகலை வரை குறுகிய இருப்புப்பாதை அமைந்தது. உலகச் சந்தை லயன்களின் வாசலுக்கே வந்தது. உலக அரசியல் வருவதற்கோ மேலும் காலம் சென்றது.

1931இல் டொனமூர் யாப்பு சர்வசன வாக்குரிமையை வழங்கியது. ஆசியாவில் அதனை முதலிற் பெற்ற நாடுகளுள் இலங்கை தலையாயது. வதிவிடம் பற்றிய நிபந்தனைகள் இருந்தபோதும், தோட்டத் தொழிலாளர் பலர் வாக்காளராயினர். 1939இல் நேருவின் வருகையோடு இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. 1940இல் முல்லோயாத் தோட்டப் போராட்டத்திற் கோவிந்தன் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியானார். 1947ஆம் ஆண்டுத் தேர்தலிற் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது, நுவரெலியாவிற் சௌ. தொண்டமானும் தலவாக்கலையிற் சி. வி. வேலுப்பிள்ளையும் தெரிவாயினர்.

விடுதலை பெற்ற நாட்டின் பாராளுமன்றம் முதலிற் செய்த பெருங்காரியங்களுள் ஒன்று அந்த வாக்கைப் பறித்ததேயாம். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. தோட்டத்திலே பிறந்து தோட்டத்திலே மடிந்தவர்களின் பிள்ளைகள் அத்தகைய பத்திரங்களுக்கு எங்கே போவர்? 1949இல் தேர்தற் சட்டத் திருத்தம் வந்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையக மக்களின் பிரதிநிதி ஒருவரேனும் தெரிவாகவில்லை. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்களாகக் கருதி, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்பாடு சரிபாதியாகப் பிரித்தது. அம்மக்களின் விருப்பை எவரும் வினவினாரில்லை.

இதனை இனத்துவேசம் என்ற ஒரு சொல்லால் விளக்கிவிடல் போதாது. தோட்டங்களுக்கு நிலமிழந்த கண்டிய விவசாயியின் மனக்குறை உண்மையானது. அக்குறையை ஏற்படுத்தியவர் தோட்ட முதலாளிகளேயன்றித் தொழிலாளரல்லர். தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்கு வலுவூட்டும் என்ற அச்சமும் ஆட்சியாளரிடம் இருந்தது. தமிழ்த் தலைமையும் முற்றாகக் கறையற்றதன்று. தமிழ்க் காங்கிரஸ் அரசாங்கத்தோடு இணைந்தமையே 1949இற் செல்வநாயகம் பிரிந்து தமிழரசுக் கட்சியை நிறுவியதற்கு ஏதுவாயிற்று.

அண்டை நாடுகளை ஒப்பிடின் உண்மை மேலும் தெளிவாகும். பர்மாவில் 1962இல் ஏற்பட்ட இராணுவ ஆட்சியின்கீழ் இந்திய வம்சாவளியினர் பெருந்தொகையாக வெளியேற நேர்ந்தது. மலாயாவோ, சுதந்திரத்தின்பின் அம்மண்ணிற் பிறந்தோரைப் பிரசைகளாக ஏற்றது. ஒரே பேரரசின் கீழிருந்த நாடுகள் வெவ்வேறு வழிகளைத் தேர்ந்தன. எனவே இலங்கையில் நிகழ்ந்தது தவிர்க்கவியலாத விதியன்று. மனிதர் செய்த தெரிவேயாகும்.

இழந்ததை மீட்கப் பல்லாண்டுகள் சென்றன. 1977இல் தொண்டமான் மீண்டும் தேர்தல் மூலம் பாராளுமன்றம் புகுந்தார். 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றோர் நிலையை நீக்கின. ஆயினும் லயன் அறைகள் முற்றாக மறையவில்லை. தாம் வாழும் நிலத்திற்கு உறுதியற்றோர் இன்றும் பலர்.

கொடி மாறுவது ஒரு நாளில் நிகழும். அக்கொடியின் கீழ் நிற்பவர் யாவர் என்னும் வினாவுக்கு விடை காண அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. ஆசியாவின் எழுச்சியைப் பயில்வோர் தலைநகரங்களின் விழாக்களோடு நின்றுவிடாது, கொழுந்துக் கூடை சுமந்தோரின் கணக்கையும் பார்த்தல் வேண்டும். அக்கணக்கு இன்னும் முடிக்கப்படவில்லை.