நீளத்தை முடிவு செய்வது யார்? பாலக்காடு, இடுக்கி எல்லைகளில் சேஸிஸ் நீட்டிப்பின் வரலாறு

முன்னுரை

ஒரு லாரி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதை இன்று தொழிற்சாலை முடிவு செய்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம், அதாவது வீல்பேஸ், பதிவுச் சான்றிதழில் மில்லிமீட்டர் கணக்கில் அச்சாகிறது. அதை மாற்றும் உரிமை வண்டிக்காரருக்கு இல்லை. ஆனால் இந்திய லாரித் தொழிலின் முதல் சில பத்தாண்டுகளில் அந்த முடிவில் பட்டறைக்குப் பெரும் பங்கு இருந்தது. ஏற்றப்போகும் சரக்கைப் பார்த்து, சேஸிஸை அறுத்து, நடுவில் துண்டு வைத்து நீட்டினார்கள். அந்த முடிவு பட்டறையிலிருந்து தொழிற்சாலைக்கும், அங்கிருந்து சட்டப் புத்தகத்துக்கும் நகர்ந்த வரலாற்றைப் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. வண்டி, இயந்திரம் ஆகியவற்றையே சரக்காக ஏற்றும் லாரிகள் இங்கே முதன்மைச் சான்று.

இரண்டு எல்லை, இரண்டு நீளம்

தமிழ்நாட்டையும் கேரளத்தையும் பிரிக்கும் மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கணவாயில் மட்டும் முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்கிறது. கோவையிலிருந்து வாளையார் வழியே செல்லும் சேலம் - கொச்சி தேசிய நெடுஞ்சாலையில் எல்லையைக் கடக்கும் இடத்தில் மலை ஏற்றமே இல்லை. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் ஆகிய ஊர்களின் வழியாகவும் சமவெளியிலேயே எல்லையைக் கடக்கலாம். ஆகவே நீளமான வண்டிக்கு இங்கே நிலம் தடை சொல்வதில்லை.

இடுக்கியில் கதை வேறு. தேனி மாவட்டத்திலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏறும் சாலைகள் கொண்டை ஊசி வளைவுகளால் ஆனவை. போடிமெட்டு மலைப்பாதையில் மட்டும் 17 வளைவுகள். வீல்பேஸ் கூடினால் வண்டி திரும்ப அதிக இடம் கேட்கும். ஒரே வீச்சில் திரும்ப முடியாத லாரி, வளைவின் நடுவில் நின்று பின்னால் எடுத்து மறுபடி திரும்ப வேண்டும். இந்தப் பாதைகளில் வண்டியின் நீளத்துக்குச் சட்டம் வருவதற்கு முன்பே மலை வரம்பு கட்டிவிட்டது.

கம்பிப் பாதையிலிருந்து ஜீப்புக்கு

இடுக்கியின் போக்குவரத்து, வாகனத்தை மலைக்கேற்பச் சுருக்கிய வரலாறு. 1902இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் நோக்கி ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். 1908இல் அது குறுகிய இருப்புப்பாதையாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிப் பாதையில் தொங்கியபடி போடி அருகே கொட்டக்குடிக்கு இறங்கின. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்தது. அதன் பிறகு சரக்குப் போக்குவரத்து சாலையை நம்ப வேண்டியதாயிற்று.

சுதந்திரத்துக்குப் பின் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. சிஜே-3பி வகையின் வீல்பேஸ் 80 அங்குலம், இரண்டு மீட்டருக்குச் சற்றே அதிகம். எஸ்டேட் சாலைக்கு அது கச்சிதமான அளவு. ஏலத் தோட்டங்களுக்குக் காலையில் கீழிருந்து ஏறும் தொழிலாளர்களை ஏற்றத்தான் இடம் போதவில்லை. பின்னாளில் மஹிந்திராவே நீண்ட வீல்பேஸ் ஜீப்புகளையும், எதிரெதிர் பெஞ்சு போட்ட கமாண்டரையும் சந்தைக்குக் கொண்டு வந்தது. மலையில் நீளம் கூடியது அங்குலக் கணக்கில்தான்.

வெறும் சேஸிஸ் வாங்கிய காலம்

1954இல் ஜாம்ஷெட்பூரில் டாடா - மெர்சிடிஸ் பென்ஸ் லாரிகள் உற்பத்தியாகத் தொடங்கின. 1948இல் நிறுவப்பட்ட அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. இந்நிறுவனங்கள் பெரும்பாலும் விற்றது முழு லாரியை அல்ல. எஞ்சின், சக்கரம், ஸ்டீயரிங் பூட்டிய வெறும் சேஸிஸை. கேபின்கூட இல்லாத அந்தச் சேஸிஸில் பலகை இருக்கை போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் தூசியிலும் பல நூறு கிலோமீட்டர் ஓட்டி வந்து பட்டறையில் விடுவார்கள். பாடி கட்டிய பிறகுதான் அது லாரி.

இந்த முறையே கொங்குப் பகுதியின் பட்டறைத் தொழிலை வளர்த்தது. நாமக்கல், சங்ககிரி லாரி பாடிக்கும், கரூர் பஸ் பாடிக்கும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கும் பேர் பெற்றன. பாலக்காட்டு எல்லையிலிருந்து இவை சில மணி நேரப் பயணத் தூரத்தில் இருந்தன. எல்லைக்கு அந்தப்பக்கம் வேலை செய்யும் இயந்திரங்களுக்கும் இந்தப் பட்டறைகளே பக்கத்துணை. பாலக்காட்டு நெல் வயல்களில் அறுவடைக் காலம் வந்தால், தமிழ்நாட்டிலிருந்து பெல்ட் வண்டி எனப்படும் அறுவடை இயந்திரங்கள் லாரியில் ஏறி எல்லை தாண்டுகின்றன. தன் சங்கிலிப் பட்டையில் தார்ச்சாலையில் நெடுந்தூரம் ஓட அந்த இயந்திரத்தால் முடியாது.

வெட்டும் இடமும் வெல்டும்

சேஸிஸ் என்பது ‘ப’ வடிவில் மடித்த இரண்டு நீண்ட எஃகுச் சட்டங்கள். அவற்றைக் குறுக்கே பிணைப்பவை கிராஸ் மெம்பர்கள். நீட்டும்போது இரு அச்சுகளுக்கும் இடையில், ஸ்பிரிங் பட்டையின் ஹேங்கருக்கு அருகே வராத இடமாகப் பார்த்து அறுப்பார்கள். தேர்ந்த கை நேராக அறுப்பதில்லை. சாய்வாகவோ படிபோலவோ அறுத்தால்தான் வெல்ட் முழுவதும் ஒரே குறுக்குக் கோட்டில் விழாமல் பரவும். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில்தான் வளைவிசை அதிகம்; அங்கே துளை போடுவது விரிசலுக்கு வழிவிடும். உள்பக்கமாக இன்னொரு சட்டம் வைத்து, அதன் முனைகளைச் சரிவாக முடித்து, நடுப்பலகையில் மாற்றி மாற்றித் துளையிட்டு போல்ட் முடுக்குவார்கள். உள்சட்டத்தின் முனை சரிவாக இல்லாமல் செங்குத்தாக நின்றால், சில காலம் கழித்து விரிசல் அந்த இடத்திலேயே தொடங்கும்.

சட்டத்தோடு வேலை முடிவதில்லை. ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் நீளமாகும்போது, அது அதிராமல் சுழலக்கூடிய உச்ச வேகம் நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். எனவே ஷாஃப்டை இரண்டாக்கி நடுவே சென்டர் பேரிங் தொங்கவிட வேண்டும். பிரேக் குழாய், வயரிங் இரண்டும் நீள வேண்டும்.

ஏன் நடுவில் நீட்டினார்கள்?

வாலை மட்டும் நீட்டுவது மலிவான வேலை. இருந்தும் வீல்பேஸை நீட்டியதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 93ஆம் விதிப்படி, பின்பக்கத் துருத்தல், அதாவது பின் அச்சுக்குப் பின்னால் நீளும் பகுதி, வீல்பேஸில் 60 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 4.2 மீட்டர் வீல்பேஸுக்கு அது 2.52 மீட்டர். வீல்பேஸை 4.8 மீட்டராக்கினால் துருத்தல் 2.88 மீட்டர் வரை போகலாம். நடுவில் 60 செ.மீ. சேர்த்தவருக்கு வாலிலும் 36 செ.மீ. கிடைக்கிறது, ஆக மொத்தம் மூன்றடிக்கு மேல்.

பாரம் நிற்கும் இடமும் ஒரு காரணம். 4.2 மீட்டர் வீல்பேஸ் லாரியில் பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் ஒரு டன் வைத்தால், முன் அச்சின் மேல் உள்ள பாரம் சுமார் 240 கிலோ குறையும், ஸ்டீயரிங் லேசாகிவிடும். மேட்டில் ஏறும்போது அது ஆபத்து. அறுவடை இயந்திரம் நெல் மூட்டை போலப் பிரித்து அடுக்கக்கூடிய சரக்கு அல்ல. அதன் எடை மையம் பின் அச்சுக்கு முன்னால் விழ வேண்டுமானால் நடுவில் இடம் வேண்டும்.

இந்த லாபத்துக்கு விலையும் உண்டு. அதே மொத்த பாரம் சீராகப் பரவி நின்றால், 4.2 மீட்டர் 4.8 ஆகும்போது சட்டத்தின் மீதான வளைவிசை ஏறத்தாழ 14 விழுக்காடு கூடும். கிடைத்த இடத்திலும் அதே அடர்த்தியில் பாரம் ஏற்றினால் 31 விழுக்காடு கூடும். உள்சட்டம் தேவைப்படுவது இதனால்தான்.

தொழிற்சாலை பின்தொடர்ந்தது

பட்டறை முதலில் நீட்ட, தொழிற்சாலை பின்தொடரும் இந்த வரிசை அமெரிக்காவில் முன்பே நடந்தது. ஃபோர்டு மாடல்-டி காரின் சட்டத்தை நீட்டி லாரியாக்கும் உதிரித் தொகுப்புகளைப் பிற நிறுவனங்கள் விற்றன. 1917இல் ஃபோர்டே மாடல்-டிடி லாரியைக் கொண்டு வந்தது. காரின் 100 அங்குல வீல்பேஸ் அதில் ஏறத்தாழ கால் பங்கு கூடியது.

இந்தியாவில் அந்த மாற்றத்தை வண்டியின் பெயரிலேயே படிக்கலாம். டாடா எல்பிடி 1613/42 என்பதில் 16 மொத்த எடை டன்னில்; 13 குதிரைத்திறனைப் பத்துகளில் குறிக்கும்; 42 என்பது 4.2 மீட்டர் வீல்பேஸ். ஒரே லாரியைப் பல வீல்பேஸ்களில் வாங்க முடிந்தபோது, புது வண்டியை அறுக்க வேண்டிய தேவை குறைந்தது. 1998இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஹூண்டாய் உற்பத்தி தொடங்கியபின் வாளையார் வழியாகக் கேரளத்துக்குப் போன கார்களுக்கு ட்ரெய்லர் வந்தது. அதில் இழுக்கும் வண்டி குட்டை. நீளம் முழுவதும் பின்னால் தனியாக வரும் ட்ரெய்லரில். வளைவில் அது மடங்கும்.

சட்டம் கதவடைத்த விதம்

1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மாற்றத்தைத் தடுக்கவில்லை. பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து அனுமதி பெறச் சொன்னது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் முதலில் அதே வழியில் நின்றது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் அளவுகோலையே மாற்றியது: தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது.

இதன் பொருள் பற்றிய வழக்கு கேரளத்திலிருந்தே எழுந்தது. மாநில விதிகளின்படி அனுமதி பெற்று மாற்றலாம் என்ற கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை அமைப்பை மாநில விதியைக் காட்டி மாற்ற முடியாது என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் புதிய வடிவில் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் 182ஏ பிரிவு, விதிமீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என வகுத்தது.

முடிவுரை

நீட்டிப்பைச் சட்டம் ஒழித்தது என்று மட்டும் சொன்னால் வரலாறு பாதியாகிவிடும். புது லாரியைப் பொறுத்தவரை, தொழிற்சாலையின் வீல்பேஸ் வரிசையும் ட்ரெய்லரும் அந்த வேலைக்கான தேவையை முன்பே குறைத்துவிட்டன. சட்டத்தின் அடி முக்கியமாக விழுந்தது பழைய வண்டியின் மீது. மூன்றாம் கை மாறிய குட்டை வீல்பேஸ் லாரியை மலிவாக வாங்கி, நீட்டி, இயந்திரம் ஏற்றிப் பிழைக்கலாம் என்ற கணக்கு சிறு உரிமையாளருடையது. அவருக்கு இன்று எஞ்சியிருப்பது, தேவையான நீளத்தில் பிறந்த வண்டியைக் கூடுதல் விலைக்கு வாங்கும் வழிதான். சாலையில் போகும் மற்றவர்களுக்கு இது பாதுகாப்பு. ஏனெனில் நல்ல வெல்டையும் மோசமான வெல்டையும் பெயின்ட் அடித்த பிறகு சோதனைச்சாவடியில் கண்ணால் பிரித்தறிய முடியாது. அந்தப் பாதுகாப்பின் செலவைச் சிறு உரிமையாளர் சுமக்கிறார். இயந்திரம் ஏற்றும் வண்டிகளுக்கான கடன், பழைய வண்டிக் கழிவு ஆகியவை குறித்த கொள்கைகள் இந்தச் சுமையைக் கணக்கில் எடுக்க வேண்டும்.