வெப்பத்திற்கும் ஓர் அளவு உண்டு

மனிதன் வீடு கட்டத் தொடங்கிய நாள் முதல் அவன் முன்னே இரண்டு வினாக்கள் நின்றன. மழைக்கு எங்கே ஒதுங்குவது என்பது ஒன்று. வெம்மையையும் குளிரையும் எவ்வாறு தாங்குவது என்பது மற்றொன்று. முதல் வினாவுக்குக் கூரை விடையாயிற்று. இரண்டாவது வினாவுக்கு அவன் நெடுங்காலம் பட்டறிவால் விடை கண்டான்; பிற்காலத்தில் கணக்கால் விடை கண்டான். அக்கணக்கின் வரலாற்றை, பால்மரத் தோட்டங்கள் சூழ்ந்த பெக்கோக் என்னும் சிற்றூரிலிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பருவத்திற்கேற்ப உறைவிடத்தை மாற்றும் அறிவு தமிழர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் கூதிர்க்காலத்து நகரைக் காட்டுகிறார். வேனிலில் தென்றலைக் கொணர்ந்த பள்ளியறையின் சாளரங்கள் தாழிடப்பட்டுக் கிடக்கின்றன. மக்கள் குளிர்ந்த நீரை விரும்பாது, தடவு என்னும் பெருங்கலத்தில் நெருப்பிட்டுக் குளிர் காய்கின்றனர். அதே பாட்டில், நூலறிந்தோர் ஞாயிற்றின் நிழல் கொண்டு திசை தெரிந்து, கயிறிட்டு அளந்து அரண்மனை வகுத்த செய்தியும் வருகிறது. காற்று வரும் வழியையும் கதிர் விழும் திசையையும் அளந்த பின்னரே கட்டடம் எழுந்தது என்பது இதனால் பெறப்படும்.

நம் மூதாதையர் கண்ட கூதிர் கடுங்குளிர் அன்று. கடுங்குளிரும் வறட்சியும் ஒருங்கே வாய்ந்த நிலத்தைக் காண வேண்டுமாயின் இமயத்திற்கு அப்பாலுள்ள லடாக்கிற்குச் செல்லுதல் வேண்டும். அதன் தலைநகராகிய லே, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மழை மிகக் குறைவு. குளிர்கால இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருபது பாகை வரை இறங்குவதுண்டு.

அங்கே ஒரு வீட்டிற்கு எவ்வளவு வெப்பம் வேண்டும்? சுவரும் கூரையும் சேர்ந்து நூறு சதுர மீட்டர் பரப்பு எனக் கொள்வோம். உள்ளே 18 பாகையும் வெளியே உறைநிலைக்குக் கீழ் 12 பாகையும் இருப்பின் வேறுபாடு 30 பாகை. ஒரு பாகை வேறுபாட்டிற்கு ஒரு சதுர மீட்டர் வழியே இரண்டு வாட் வெப்பம் வெளியேறும் சுவராயின், இழப்பு 6,000 வாட் ஆகும். அதே சுவரை வெப்பம் கடவாதபடி காப்பிட்டு அரை வாட்டாகக் குறைத்தால் 1,500 வாட்டே போதும். இடுக்குகளின் வழியே புகும் குளிர்காற்றைச் சூடாக்கும் வெப்பத்தை இதனோடு கூட்டிக்கொள்ள வேண்டும். உயர்ந்த மலைமேல் காற்று மெலிந்திருத்தலால், கருவிகள் தரும் பயனும் குறையும். அதற்கும் இடம் விட வேண்டும். அடுப்பைப் பெரிதாக்குமுன் சுவரைத் திருத்துக என்பதே இக்கணக்கு உரைக்கும் பாடம். 1988இல் லடாக்கில் தொடங்கப்பெற்ற மாணவர் கல்வி பண்பாட்டு இயக்கம், லே நகருக்கு அருகே மண்ணால் பள்ளி வளாகம் எழுப்பி, தெற்கு நோக்கிய கண்ணாடிச் சாளரங்களின் வழியே ஞாயிற்றின் வெம்மையை உள்ளே தேக்கி, இப்பாடத்தைச் செயலில் காட்டியது.

குளிரூட்டலின் வரலாறு வேறு வழியில் வந்தது. அமெரிக்க வணிகரான பிரெடெரிக் டியூடர், உறைந்த ஏரிகளில் பனிக்கட்டியை வெட்டி, 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார். வழியில் உருகியது போக எஞ்சியதே பெரும் வியப்பாகப் பேசப்பட்டது. சென்னைக் கடற்கரையில் 1842இல் அப்பனிக்கட்டிக்கென ஒரு மாளிகை எழுந்தது. ஐஸ் ஹவுஸ் என மக்கள் அழைத்த அம்மாளிகையில்தான் 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கினார். இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை பரவியதும் அவ்வணிகம் மறைந்தது. ஆனால் அதன் அளவுகோல் மறையவில்லை. அமெரிக்க வழக்கில் ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது ஈர்க்கும் வெப்பமே குளிரூட்டலின் ஒரு டன் ஆயிற்று. மணிக்கு 12,000 பிரிட்டிஷ் வெப்ப அலகு, அதாவது ஏறத்தாழ 3,500 வாட், என்பது அதன் மதிப்பு. இந்தியாவில் குளிரூட்டிகள் இன்றும் டன் கணக்கில் விலை பேசப்படுகின்றன. மலேசியக் கடைகளிலோ குதிரைத்திறன் கணக்கு வழங்குகிறது. ஒரு குதிரைத்திறன் எனப்படுவது ஏறத்தாழ முக்கால் டன்.

1902இல் வில்லிஸ் கேரியர் என்னும் இளம் பொறியாளர் நியூயார்க் நகரத்து அச்சகம் ஒன்றிற்காக ஓர் இயந்திரம் வகுத்தார். ஈரக் காற்றால் தாள் விரிந்து, வண்ணங்கள் இடம் மாறி அச்சாயின. காற்றிலுள்ள ஈரத்தை அடக்குவதே அவர் பணி. காற்றைக் குளிர்வித்தால் அதன் ஈரம் நீராய்ப் படிந்து விலகும் என்பதை அவர் பயன்கொண்டார். புத்தகத் தாளுக்காகப் பிறந்த அக்கலையே பின்னர் மனிதர் வாழும் அறைக்கு வந்தது.

இனிப் பெக்கோக்கிற்கு வருவோம். ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில், நிலநடுக்கோட்டிற்கு மூன்று பாகைக்கும் குறைவான தொலைவில், இருப்புப்பாதையை ஒட்டி அமைந்தது இவ்வூர். ஜொகூர் வழியாக அப்பாதை 1909இல் நிறைவுற்றபின் அதன் இருமருங்கும் ரப்பர்த் தோட்டங்கள் செழித்தன. அவற்றின் உழைப்பில் தமிழர் பெரும்பங்கு கொண்டனர்.

அத்தோட்டங்களில் வெப்பத்தை அளந்து ஊட்டிய கட்டடம் ஒன்றிருந்தது. பால் உறைந்த தகடுகளை உலர்த்தும் புகைக்கூடமே அது. விறகின் புகையும் சூடும் ஏறத்தாழ 40 முதல் 60 பாகை வரையில் சில நாட்கள் நிற்க வேண்டும். சூடு மிகுந்தால் தகட்டில் கொப்புளம் எழும். குறைந்தால் பூஞ்சணம் படரும். ஆதலால் இரவெல்லாம் விழித்திருந்து விறகிடுவோர் இருந்தனர். சூட்டைக் காட்ட வெப்பமானியும் இருந்தது. 1925இல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தகடு உலர்த்தும் முறைகளை ஆராய்ந்து நெறிப்படுத்தியது.

அப்புகைக்கூடத்திற்கு அருகிலேயே தொழிலாளர் லயங்கள் நின்றன. தொடக்கத்தில் அத்தாப்பு ஓலை வேய்ந்த நீண்ட கொட்டகைகள். பின்னர்த் தகரக் கூரைகள். ஓலையின் அடுக்குகளுக்கிடையே தங்கிய காற்று வெயிலைத் தடுத்தது. தகரம் தீக்கும் மழைக்கும் அஞ்சாது நின்றது. ஆனால் மெல்லிய அத்தகடு நண்பகலில் கொதித்து, கீழிருப்போர் மேல் அனலைச் சொரிந்தது. விடியுமுன் பால்வெட்டுக்குச் சென்று, பிற்பகலில் திரும்பிய தாய் அதன் கீழ்தான் இளைப்பாறினாள். அவள் பிள்ளைகள் அதன் கீழ்தான் பாடம் படித்தனர். 1966இல் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம் வந்தது. நாளடைவில் லயங்கள் பல மறைந்தன. ரப்பர்த் தகட்டின் சூட்டை வெப்பமானி கொண்டு அளந்த தோட்டத்தில், மனிதன் உறங்கும் அறையின் சூட்டை அளக்க எவரும் வெப்பமானி கொண்டு சென்றிலர். இதனை நம் வரலாற்றில் எழுதி வைத்தல் நம் கடமையாகும்.

இன்று தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் கல்வீட்டில் வாழ்கின்றன. குளிரூட்டியும் எளிதில் கிடைக்கிறது. பெரிது வாங்கினால் நல்லது என்பது பலரின் எண்ணம். இது பிழை. வறண்ட நிலத்தில் நனைந்த வெட்டிவேர்த் தட்டியே காற்றைக் குளிர்விக்கும். பெக்கோக்கின் காற்றோ ஈரம் செறிந்தது. இங்கு வெளியும் உள்ளும் வேறுபடுவது பத்துப் பாகைக்கு உட்பட்டதே. கூரைவழி இறங்கும் கதிர்வெம்மையும் காற்றின் ஈரமுமே பெருஞ்சுமை. அளவுக்கு மீறிய கருவி அறையை நொடியில் குளிர்வித்து நின்றுவிடும். ஈரத்தை வடிக்கப் போதிய நேரம் ஓடாது. குளிரும் புழுக்கமும் ஒருசேர நிலவ, மின்கட்டணம் ஏறும். கூரைக்குக் கீழே காப்பிடுதலும், மேற்குச் சுவருக்கு நிழல் தருதலும், அதன்பின் கருவியைத் தேர்தலும் முறையாகும். லேயில் கண்ட பாடம் இங்கும் பொருந்துகிறது.

தமிழாசிரியர் இதனை வகுப்பில் கற்பிக்கலாம். நெடுநல்வாடையைப் பயிலும் மாணவரிடம் ஒரு வெப்பமானியைத் தந்து, தம் வீட்டுக் கூரையின் கீழும் மர நிழலிலும் நண்பகலில் அளந்து வரச் சொல்லலாம். அவர்கள் கொணரும் இரண்டு எண்களின் வேறுபாட்டில், பாட்டன் பாட்டியர் லயத்தில் கழித்த பிற்பகல்கள் அவர்க்கு விளங்கும். அந்த விளக்கத்தோடு வளரும் மாணவருள் ஒருவர் நாளை கட்டடம் வகுப்பாராயின், அதில் வாழப்போகும் மனிதரை முதலில் அளப்பார்.